பொடி ஈக்களும் தேர்ந்து உண்ணும் டிரவுட்டும்: கேள்வி பதில்

மலேசியாவின் பீடோர் வட்டாரத்தில் லம்பாம், செபாரா மீன்களுக்குத் தூண்டில் போட்டுப் பழகிய நண்பர்கள் சிலர், டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்பதற்காக நியூசிலாந்து செல்ல ஆயத்தமாகிறார்கள். அந்நாட்டின் தென்தீவில் வசிக்கும் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மட்டாவுரா ஆற்றில் ஃபிளை தூண்டில் (முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோலச் செய்த போலி ஈ உள்ள தூண்டில்) வீசி வருபவன் என்ற முறையில், அவர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு விடை தருகிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், தாப்பா): ஐயா, மீன்கள் மேலே வந்து பூச்சிகளை உண்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், நாம் போடும் ஈயை அவை சீண்டுவதே இல்லை என்கிறார்களே, ஏன்?

பதில்: ஒரே வகைப் பூச்சி ஆயிரக்கணக்கில் மிதந்து வரும் வேளையில், டிரவுட் ஓரிடத்தில் நின்றுகொண்டு, அந்த அளவும் அந்த வடிவமும் கொண்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. குறைந்த உழைப்பில் வயிறு நிறைவதால், வேறு எதற்காகவும் அது இடம்பெயர்வதில்லை. ஆகவே முதலில் அளவைப் பொருத்துங்கள். நிறத்தைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

அளவு பொருந்தியும் மீன் மறுத்தால், பூச்சியின் எந்தப் பருவத்தை அது உண்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மீன் எழும்பிய இடத்தில் நீர்க்குமிழி ஒன்று தங்கினால், அது மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியோடு காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. குமிழி இல்லாமல் முதுகும் வாலும் மட்டும் புரண்டு தெரிந்தால், நீர்ப்பரப்பைத் துளைத்து வெளிவர முயலும் அரைகுறைப் பூச்சியை அது ஓரங்குலத்துக்குக் கீழேயே எடுக்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு அழகாகக் கட்டிய மிதக்கும் ஈயும் பயன்படாது. ஈயை மாற்றும் முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (அதே ஆசிரியர்): பொடி ஈ என்றால் எத்தனை பொடி?

பதில்: ஈ கட்டும் தூண்டில் முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுத்துக்கொண்டே போகும். 18-ஆம் எண்ணிலிருந்து பொடி எனலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், நவஹோ அணைக்குக் கீழே ஓடும் சான் வான் ஆற்றில், 24 முதல் 28 வரையிலான எண்களில் மிட்ஜ் எனும் கொசு போன்ற மிகச்சிறு பூச்சியின் வடிவில் கட்டிய ஈக்களைப் பயன்படுத்துகிறார்கள். மட்டாவுராவின் மேஃபிளை எனும் நீர்ப்பூச்சிகளுக்கு அவ்வளவு தூரம் இறங்கத் தேவையில்லை. 16-லும் 18-லும் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை): பொடி ஈயைக் கட்ட இவ்வளவு மெல்லிய நைலான் நூல் எதற்கு? மீன் அதைப் பார்த்துவிடும் என்பதாலா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட நூலின் விறைப்பே பெரிய கேடு என்று நான் கருதுகிறேன். ஆற்றின் மேற்பரப்பு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. உங்களுக்கும் மீனுக்கும் இடையே வேகமான நீரோட்டம் ஒன்று இருந்தால், அது நூலை வளைத்து இழுக்க, நூல் ஈயை இழுக்கும். பெரிய ஈ தன் எடையால் அந்த இழுப்பைச் சற்றுத் தாங்கும். ஏறக்குறைய எடையே இல்லாத 22-ஆம் எண் ஈயோ, பத்து மீட்டர் தொலைவில் நிற்கும் நம் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நகர்ந்தாலும், அருகில் நின்று பார்க்கும் டிரவுட்டுக்கு அது உயிருள்ள பூச்சியாகத் தோன்றாது.

முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால், கடைசி நூலான டிப்பட்டின் எண் ஏறத்தாழக் கிடைக்கும்: 18-க்கு 6எக்ஸ், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர் தடிமன்; 22-க்கு 7எக்ஸ், அதாவது சுமார் 0.10 மில்லிமீட்டர். அதை ஒரு மீட்டருக்கும் அதிக நீளமாக வைத்து, நெளிநெளியாக விழும்படி வீசுங்கள். இயன்றால் மீனுக்கு மேலாற்றில் சற்றுப் பக்கவாட்டில் நின்று, ஈ நூலுக்கு முன்னதாக மீனைச் சென்றடையுமாறு விடுங்கள். இருபது வகை ஈக்களை வாங்கிக் குவிப்பதைவிட இந்த ஒரு வீச்சைக் கற்றுக்கொள்வது உங்களுக்குப் பலமடங்கு உதவும், அண்ணே.

கேள்வி (அவரே): அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு அந்த ஈ எப்படித் தெரியும்?

பதில்: தெரியாமல் போனாலும் பிடிக்கலாம். வெள்ளை இறகு தூக்கி நிற்கும் 16-ஆம் எண் ஈ ஒன்றைக் கட்டி, அதன் முள் வளைவிலிருந்து அரை மீட்டர் நூலில் பொடி ஈயைத் தொடுத்துவிடுங்கள். இரண்டு ஈக்களுக்கு அந்த ஆற்றின் விதிமுறை இடம் தருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஈயைச் சுற்றி அரை மீட்டருக்குள் எந்தச் சுழிப்பு தெரிந்தாலும் கோலை மெதுவாக உயர்த்த வேண்டும். ஆற்றங்கரையில் நூல் கோத்துத் தவிக்காமல் இருக்க, வீட்டு மேசையில் நல்ல விளக்கொளியில் சில ஈக்களுக்கு டிப்பட்டை முன்பே கட்டி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (இளைஞர், பீடோர்): மாமா, மீன் மாட்டியதும் நூல் அறுந்துவிடாதா?

பதில்: செபாராவுக்கு இழுப்பதுபோல் வெட்டி இழுத்தால் நிச்சயம் அறுந்துவிடும், தம்பி. கோலை உயர்த்தினாலே போதும். பொடி முள் தானே இறங்கிவிடும். வளைந்துகொடுக்கும் மென்மையான கோலாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். மீன் ஓடும்போது ரீலிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். ஆனால் ஓட்டம் நின்றதும் தயங்காமல் மீட்டெடுக்க வேண்டும். நெடுநேரம் இழுக்கப்பட்டுக் களைத்த மீன், திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம்.

கேள்வி (அவரே): நம் ஊரில் டிரவுட் இல்லையே, எங்கே பழகுவது?

பதில்: டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே அது வாடிப்போகும். இருந்தாலும் பழகுவதற்கு டிரவுட் தேவையில்லை. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் லம்பாமும் திலாப்பியாவும் பொடி ஈயை எடுக்கும். அங்கே கோலை உயர்த்தும் பதத்தைக் கற்கலாம். நிற்கும் நீர் இழுப்பைக் கற்றுத்தராது என்பதால், அதற்குத் தாப்பா பக்கத்து ஓடைகளுக்கோ, ஓரளவு ஓட்டமுள்ள தோட்டத்து வாய்க்காலுக்கோ போங்கள். முள்ளின் முனையை நறுக்கிவிட்டு, நுரைக்குமிழி ஒன்றின் பக்கத்தில் ஈ விழும்படி வீசுங்கள். குமிழியும் ஈயும் ஒரே வேகத்தில் இரண்டு மீட்டர் சேர்ந்தே மிதந்தால் உங்கள் வீச்சு சரியானது. ஈ முந்தினாலோ பிந்தினாலோ, நூலை எந்த நீரோட்டம் பிடித்து இழுத்தது என்று பார்த்து, நிற்கும் இடத்தை மாற்றி மீண்டும் வீசுங்கள்.