எஸ்டிமேட் சீட்டில் வாங்கிய மானிட்டர், ஐந்தே மாதத்தில் கோடு: கேஸ் போட முடியுமா?

கேள்வி: திருமங்கலத்தில் வீட்டிலேயே டைப்பிங், டிடிபி வேலை செய்கிறேன். காதுகுத்துப் பத்திரிகை, பட்டா விண்ணப்பம், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று வருவதைச் செய்து கொடுப்பேன். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கும் அதே கம்ப்யூட்டர்தான். மதுரையில் ஒரு கடையில் 22 இன்ச் மானிட்டர் 7,200 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஜிஎஸ்டி பில் போட்டால் விலை கூடும்’ என்று எஸ்டிமேட் சீட்டு மட்டும் கொடுத்தார்கள். பணம் யுபிஐ-யில் அனுப்பினேன். பெட்டியில் மூன்று வருட வாரண்டி என்று இருக்கிறது. ஐந்தாவது மாதம் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. இப்போது மூன்று கோடு. சர்வீஸ் சென்டரில் ‘பிசிக்கல் டேமேஜ், வாரண்டி கிடையாது, பேனல் மாற்ற 5,500 ஆகும்’ என்கிறார்கள். கடைக்காரரோ, ‘எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. பில்லும் இல்லை, தொழிலுக்கு வாங்கியிருக்கிறீர்கள், நுகர்வோர் கோர்ட்டில் எடுக்கவே மாட்டார்கள்’ என்கிறார். பில் இல்லாமல் வாங்கியதற்கு நம் மேலேயே வழக்கு வரும், விட்டுவிடு என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. ஏழாயிரம் ரூபாய் உங்கள் வீட்டில் எத்தனை பத்திரிகைக்கான கூலி என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடைக்காரர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட உங்களைத் தடுக்காது.

முதலில் ‘தொழிலுக்கு வாங்கியது’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். எளிய மனிதர்களைப் பயமுறுத்தி அனுப்பிவிட இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சொல்வது உண்மை. ஆனால் அதே பிரிவின் கீழ் உள்ள விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவர் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்துக்கு வாங்கியதாகக் கருதப்படாது. 1986-ம் ஆண்டின் பழைய சட்டம் இருந்த காலத்திலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கின் தீர்ப்பு 1995-ல் வந்தது. அதில் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது உங்கள் தொழிலையேதான். டைப்ரைட்டர் வாங்கி மற்றவர்களுக்குக் கூலிக்கு டைப் செய்து கொடுப்பவர், தானே உட்கார்ந்து அடித்துப் பிழைக்கிறார் என்றால் அவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டால்கூட அந்த உரிமை போகாது. அந்த வழக்கைப் போட்ட நிறுவனம் தோற்றது. அது தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்கியது. உங்கள் நிலை வேறு.

அதனால் புகாரில் டைப்பிங் வேலையை மறைக்காதீர்கள். மகன் படிப்புக்கு வாங்கியது என்று மட்டும் எழுதினால், வாசலில் தொங்கும் ‘இங்கே டிடிபி செய்து தரப்படும்’ அட்டையைப் படம் எடுத்து வந்து உங்களைப் பொய் சொன்னவராக்கிவிடுவார்கள். இந்த மானிட்டரில் நானே வேலை செய்கிறேன், ஆள் வைக்கவில்லை, இதுதான் எங்கள் பிழைப்பு, மகனும் இதில்தான் படிக்கிறான் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது பில். விற்ற பொருளுக்குப் பில் தராததை அதே சட்டத்தின் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. தான் செய்த தப்பையே கடைக்காரர் உங்களுக்கு எதிராகக் காட்டுகிறார். நீங்கள் வாங்கியதற்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன: யுபிஐ-யில் பணம் போன கணக்கின் பெயரும் தேதியும், எஸ்டிமேட் சீட்டு, சீரியல் நம்பர் ஒட்டிய பெட்டி, கடையோடு பேசிய வாட்ஸ்அப். வங்கிக்குப் போய் அந்தத் தேதியின் ஸ்டேட்மென்ட் ஒன்று முத்திரையோடு வாங்கி வையுங்கள். போன் மாற்றினாலும் பழைய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். பெட்டியையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். தயாரித்த அல்லது இறக்குமதி செய்த கம்பெனியின் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் எல்லாம் அதில் அச்சாகி இருக்க வேண்டும் என்பது விதி. யார் மேல் புகார் கொடுப்பது என்பதற்கு அதுவே ஆதாரம்.

பில் இல்லாமல் வாங்கியதற்கு உங்கள் மேல் வழக்கு வரும் என்ற பயம் உங்கள் கணவருக்கு வேண்டாம். பில் போடுவதும் வரி கட்டுவதும் விற்றவர் கடமை. ஆனால் ‘பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பதற்கு இனி ஒத்துக்கொள்ளாதீர்கள். மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த ஆயிரத்துச் சொச்சத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான், மூன்று வருட வாரண்டிக்கே இப்போது வாதாட வேண்டியிருக்கிறது.

வழக்கின் உயிர் இருப்பது ‘பிசிக்கல் டேமேஜ்’ என்ற இடத்தில். இதில் நீங்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பேனல் அடிபட்டால் பெரும்பாலும் அடி விழுந்த இடத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும், அல்லது மை கொட்டியது போல் கறுப்பாகப் படரும். மேலிருந்து கீழ் வரை நூல் பிடித்தது போல் நேராக வரும் கோட்டுக்கு, பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு விட்டுப்போவது ஒரு முக்கியக் காரணம். ஓரத்தில் அழுத்தம் பட்டாலும் அப்படி வரலாம், அதையும் மறுப்பதற்கில்லை. அதனால்தான் கண்ணாடியில் கீறலோ, சுற்றியுள்ள ஃப்ரேமில் நசுங்கலோ இல்லை என்பதை நீங்கள் பதிவு செய்து வைக்க வேண்டும்.

மானிட்டரை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து, நான்கு ஓரங்களையும் பின்பக்கத்தையும் வீடியோ எடுங்கள். சீரியல் நம்பரும் அதே வீடியோவில் வரட்டும். பிறகு ஆன் செய்து, மானிட்டரிலேயே உள்ள பட்டனை அழுத்தி அதன் மெனுவைக் கொண்டுவாருங்கள். அந்த மெனுவின் மேலும் கோடு ஓடினால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரிலோ கேபிளிலோ இல்லை. அதையும் படம் பிடியுங்கள். நாளைக்கு ‘வோல்டேஜ் ஏறி இறங்கியதால் வந்தது’ என்று கதையை மாற்றக்கூடும். மானிட்டரின் பின்பக்கத்திலோ அடாப்டரிலோ எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை இருக்கும். அந்த ஸ்டிக்கரையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

சர்வீஸ் சென்டரில் வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். எந்த இடத்தில், என்ன சேதம் என்று போட்டோவோடு எழுத்தில் தரச் சொல்லி மெயில் அனுப்புங்கள். தரமறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு உதவும். முதலில் கோளாறு இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அந்தச் சேதத்தை உண்டாக்கியது நீங்கள்தான் என்று சொல்பவர்கள் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

இத்தனையும் கையில் வந்த பிறகு, கடைக்கும் கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 15 நாளுக்குள் புது மானிட்டர் அல்லது முழுப்பணம் என்று கேளுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியுங்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கம்பெனியிடம் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். பல புகார்களுக்கு அதற்கு மேல் போகத் தேவை வராது.

அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019-ன் சட்டம் தந்த வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. வேண்டும் என்றால் பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, 15100-ல் அழையுங்கள். புகார் தர இரண்டு வருட அவகாசம். ஆனால் மூன்று கோடு முப்பது கோடாகும் முன் போவது நல்லது.

ஆய்வு தேவைப்படாத புகாரை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள்ளும், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதற்கு மேலும் இழுக்கும். ஆய்வகக் கட்டணத்தைப் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம் என்பதால், ஏழாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அந்த வழியை நீங்களாகக் கேட்காதீர்கள். வீடியோவும் சர்வீஸ் சென்டரின் எழுத்தும் சரியாக இருந்தால் அவற்றை வைத்தே வாதாடலாம்.

மானிட்டரின் விலையை வட்டியோடு கேளுங்கள், அல்லது புதியதைக் கேளுங்கள். வேலை கெட்ட நாட்களின் நஷ்டத்துக்கு ஆர்டர் நோட்டைக் காட்டுங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை போதும். லட்சக்கணக்கில் எழுதினால், உள்ள வழக்கின் மேலும் நம்பிக்கை குறையும். ஆணையம் சொன்ன உத்தரவை எதிர்த்தரப்பு நிறைவேற்றாவிட்டால், பிரிவு 72-ன்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

மானிட்டர் இப்போது வீட்டில் இருக்கிறதா, சர்வீஸ் சென்டரில் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. அங்கே இருந்தால், ‘பழுது பார்க்க நான் சம்மதிக்கவில்லை, பேனலைக் கழற்றக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, செட்டை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். வெளியே எடுக்கும்போது ஜாப் ஷீட்டில் ‘கஸ்டமரால் ஏற்பட்ட சேதம்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால், உங்கள் பெயருக்கு மேலே ‘இதை ஏற்கவில்லை’ என்று தமிழில் எழுதிவிட்டுப் போடுங்கள்.