வரையாடு செங்குத்துப் பாறையில வழுக்காம நிக்கிறது எப்படி?
வரையாடுன்னா நம்ம மாநில விலங்கு, நீலகிரி மலையில முக்கூர்த்தி பக்கம் மேல புல்வெளியில மேயுற காட்டாடு. எல்லா விஷயமும் அதோட குளம்புலதான் இருக்கு. ரெண்டா பிளந்த குளம்பு, சுத்தி ஓரம் கெட்டியா இருக்கும், உள்ள அடிப்பாகம் மெத்துனு ரப்பர் கணக்கா இருக்கும், அதனால ஓரம் சின்ன விளிம்புல மாட்டிக்கும், உள்பக்கம் பாறையோட மேடுபள்ளத்துக்கு அமுங்கிப் பிடிச்சுக்கும், ரெண்டு விரலும் தேவைக்கு விரியும் வேற. மழையில எஸ்டேட் சரிவுல தேஞ்ச ஹவாய் செருப்பு சர்ருனு இழுத்துட்டுப் போகும், பட்டை வெச்ச ரப்பர் பூட்ஸ் நிக்கும்ல, அந்த வித்தியாசம்தான். குட்டையான, கட்டுமஸ்தான உடம்பும் பேலன்ஸுக்கு உதவுது.

இவ்ளோ ரிஸ்க் எதுக்குன்னா, சிறுத்தை, செந்நாய் தொரத்துனா ஓடி ஒளிய பாறைதான் அதுக்கு வீடு, செந்நாய்க் கூட்டம் அந்த விளிம்புல காலு வைக்கவே யோசிக்கும்.

குளம்பு பல்லி மாதிரி பாறையில ஒட்டிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஒட்டலாம் இல்லைங்க, வெறும் உராய்வுதான், கால் தப்புனா அதுவும் விழும்.