இயந்திரக் கால் ஏன் உதைக்கிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். பச்சிளங்குழந்தையின் அசைவுகளை அறிய மனித உருவ ரோபோவின் கை கால்களை வைத்து ஆராய்கிறார்கள் என்று படித்தேன். குழந்தையே கண்முன் இருக்கும்போது இயந்திரம் எதற்கு?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: குழந்தை உதைக்கும்போது நமக்குத் தெரிவது உதைப்பு மட்டுமே, அதில் மூளையின் பங்கு எவ்வளவு, தசையின் வலு எவ்வளவு, காலின் எடை எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை. பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைத் தரையில் பட வைத்தால், நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி வைக்கும். இரண்டு மாத வாக்கில் அது நின்றுவிடும். மூளை வளர்வதால்தான் அது மறைகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலனும் உடன் பணியாற்றியோரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், கால்களில் சிறு எடை கட்டியபோது எட்டு வைப்பது குறைந்தது, கால்களை நீரில் அமிழ்த்திப் பிடித்தபோது கூடியது. கொழுப்பு சேர்ந்து கனத்துவிட்ட காலைத் தூக்கத் தசைக்கு வலு போதவில்லை என்பதே அவர்கள் கண்ட காரணம்.

இதற்கு மேல் குழந்தையிடம் சோதிக்க இயலாது, சோதிக்கவும் கூடாது. இயந்திரக் காலிலோ, மோட்டாருக்குத் தரும் ஆணையை மாற்றாமல் எடையை மட்டும் கூட்டலாம், மூட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றலாம், ஒரே உதைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். மூட்டு எத்தனை பாகை மடங்கியது என்பது துல்லியமாகத் தெரிவதால், கேமராவும் கணுக்காலில் கட்டும் உணரியும் (சென்சார்) சரியாக அளக்கின்றனவா என்றும் சரிபார்க்கலாம். 2019இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் அமைத்த, இரண்டு மூட்டுகளும், தசைநாண்போல் இழுக்கும் மூன்று நாண்களும் கொண்ட இயந்திரக் கால், ஐந்து நிமிடம் இலக்கின்றி அசைந்து பெற்ற அனுபவத்திலிருந்தே நடையைக் கற்கத் தொடங்கியது. குழந்தையின் காரணமற்ற உதைப்பும் கற்றலாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டுகிறது. அதை மெய்ப்பித்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். குழந்தை உருவில் செய்த பெயர்பெற்ற ஐகப் (iCub) ரோபோவே மூன்றரை வயதுக் குழந்தையின் அளவு, பச்சிளங்குழந்தையைவிட மிகப் பெரியது. பச்சிளங்காலின் நெகிழ்வு உலோகத்தில் எளிதில் வருவதில்லை.

குழந்தையின் அசைவைக் கூர்ந்து பார்ப்பதில் உங்கள் பணிக்கு நேரடியான பயன் உண்டு. மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தையின் கழுத்திலும் கை கால்களிலும் ஓயாமல் தோன்றும் சிறு நெளிவசைவுகள் இல்லாதிருப்பது மூளை முடக்குவாதத்தின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று குழந்தை நரம்பியல் ஆய்வாளர் ஹைன்ஸ் பிரெக்டல் குழுவினர் காட்டினர். அதைக் கணிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனாலும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைத் தூளியிலிருந்து எடுத்து, விழித்து அமைதியாக இருக்கும் வேளையில் பாயில் மல்லாக்கக் கிடத்திப் பார்க்கும்படி தாய்மாரிடம் சொல்லுங்கள். ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் அசையாதிருந்தாலும், உடல் விறைத்தோ துவண்டோ இருந்தாலும், காத்திருக்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள்.