பூதக்கண்ணாடியும் விண்வெளித் தொடரும்: வாசகர் கேள்வி, நம் பதில்

கே: அறிவியல் புனைவுத் தொடர்களில் விஞ்ஞானி பூதக்கண்ணாடியைத் தூக்கியதும் ஒற்றைக் கண் பிரம்மாண்டமாகத் தெரிகிறது. எங்கள் குறும்படத்தில் அது மங்கலாக, சமயத்தில் தலைகீழாகவே வருகிறது. கிராஃபிக்ஸ்தான் வழியா?

ப: கிராஃபிக்ஸ் வேண்டாம், கண்ணாடியை மாற்றுங்கள். உங்களிடம் இருப்பது 10 செ.மீ. குவியத்தூரம் (லென்ஸிலிருந்து வெயில் புள்ளியாகக் குவியும் இடம் வரையுள்ள தூரம்) கொண்ட சின்ன லென்ஸாக இருக்கும். கண்ணிலிருந்து சரியாக 10 செ.மீ.யில் பிடித்தால் வெறும் மங்கல். அதைத் தாண்டினால் பிம்பம் கவிழ்ந்துவிடும். 20 செ.மீ. குவியத்தூரமும் 10 செ.மீ. விட்டமும் உள்ளதை வாங்குங்கள். லென்ஸ் கடையில் 5 டையாப்டர் (லென்ஸின் திறனைச் சொல்லும் அளவு) என்று கேட்டால் போதும்.

கேமரா 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நடிகர் லென்ஸைக் கண்ணிலிருந்து 10 செ.மீ.யில் பிடித்தால் கண் ஏறக்குறைய இரு மடங்காகும், 13 செ.மீ.யில் இரண்டரை மடங்கு. இன்னும் நகர்த்தினால் ஓரங்கள் நெளியும், கையின் சிறு நடுக்கமும் திரையில் ஆடும். முழங்கையை மேஜையில் ஊன்றச் சொல்லுங்கள்.

மங்கலுக்கு இன்னொரு காரணம் ஃபோகஸ். லென்ஸ் கண்ணிலிருந்து 10 செ.மீ.யில் இருக்கும்போது, பெரிதான பிம்பம் லென்ஸுக்கு 20 செ.மீ. பின்னால், அதாவது நிஜக் கண்ணுக்கும் பின்னால் நிற்கும். டேப் வைத்துக் கண் வரை அளப்பவர் ஏமாறுவார். மானிட்டரைப் பார்த்தே ஃபோகஸ் செய்யுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 50 மி.மீ. லென்ஸ் என்றால் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, f/8-இல் வையுங்கள். பூதக்கண்ணாடியின் சட்டம், முகம், பெரிய கண் மூன்றும் தெளிவாக வரும்.

அடுத்த தொல்லை பிரதிபலிப்பு. கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு) இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பரப்பு குவிந்திருப்பதால் செட்டில் உள்ள எல்லா விளக்கும் அதில் குட்டிக் குட்டியாகத் தெரியும். விளக்குகளைப் பக்கவாட்டில் உயர்த்தி, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுங்கள். பிளாஸ்டிக் லென்ஸை எல்சிடி திரைக்கு முன் வைத்து, கேமராவில் போலரைசரும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டால் வானவில் பட்டைகள் வரலாம். வேற்றுக்கிரகக் கதைக்கு அது ஓசி அலங்காரம்!

தூரக் காட்சிக்கு லென்ஸே வேண்டாம். 3 மி.மீ. தட்டை அக்ரிலிக்கை வட்டமாக வெட்டிச் சட்டத்தில் பொருத்துங்கள்.

கே: விண்வெளிக் கருவிகளில் வரிசையாக இருக்கும் குமிழ்க் கண்ணாடி எங்கே கிடைக்கிறது?

ப: பழைய கால்குலேட்டரில்! 1970-களின் எல்இடி கால்குலேட்டர்களில் எண்கள் மிகப் பொடியாக இருந்ததால், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குமிழ் என்று பிளாஸ்டிக் லென்ஸ் பட்டை வைத்தார்கள். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக்கின் ஒளிவாள் பிடி கிராஃபிளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடிதான். அதில் ஒட்டியது இத்தகைய பட்டை. 1966-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரிலோ உப்புக் குடுவைகளே விண்கலத்தின் மருத்துவர் டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகள் ஆயின.

ஒட்டும்போது உடனடிப் பசை வேண்டாம். அதன் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெள்ளை பூத்துவிடும். இரு பக்க டேப் போதும். தின்னரால் துடைத்தால் அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும். சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

கே: வெளிப்புறப் படப்பிடிப்பில் ஆபத்து உண்டா?

ப: உண்டு. முதலில் சொன்ன 20 செ.மீ. குவியத்தூர லென்ஸ் வெயிலைச் சுமார் 2 மி.மீ. புள்ளியாகக் குவிக்கும், காகிதமும் உடையும் பற்றிக்கொள்ளும். டேக் முடிந்ததும் உறைக்குள் போடுங்கள். பூதக்கண்ணாடியின் வழியே சூரியனைப் பார்க்கும் காட்சி இருந்தால் தட்டை அக்ரிலிக்கை மாட்டி, சூரியன் இல்லாத பக்கம் திரும்பி நடிக்கச் சொல்லுங்கள்.