யார் கூட்டிப் பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 12 வயது. இரண்டு ஆண்டுகளாக இறகுப்பந்து மட்டுமே ஆடுகிறாள். பள்ளி அணி, அகாடமி, இவை போகத் தனிப்பயிற்சி என்று வாரத்துக்கு ஆறு நாள், ஏறக்குறைய 18 மணி நேரம். சில மாதங்களாக முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது. வளரும் வயதில் வருவதுதான், சில வாரங்கள் ஓய்வு கொடுங்கள் என்கிறார் மருத்துவர். தேர்வுப் போட்டியோ நெருங்குகிறது. முழங்கால் பட்டை கட்டிக்கொண்டு ஆடலாமா? பெரிய வீரர்கள் எல்லோரும் சிறு வயதிலேயே தொடங்கியவர்கள்தானே?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

பட்டையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பெரிய வீரர்களைப் பற்றிய வாதத்துக்கும் நீண்ட பதில் தேவையில்லை: ரோஜர் ஃபெடரர் சிறு வயதிலேயே டென்னிஸ் மட்டையைப் பிடித்தவர்தான், ஆனால் ஏறக்குறைய 12 வயதுவரை கால்பந்தும் ஆடினார்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 18 மணி நேரத்தைத்தான். வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரத்தில் பயிற்சி கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், ஆண்டில் மூன்று மாதங்களாவது அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்களும் விளையாட்டு மருத்துவர்களும் சொல்லிவருகிறார்கள். வளரும் பருவத்தில் எலும்பு முந்திக்கொண்டு நீள, தசை ஈடுகொடுக்க முடியாமல் இறுகுகிறது. தொடையின் முன்தசை தன் விசை முழுவதையும் ஒரே தசைநாண் வழியாக முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் இறக்குகிறது. அந்த இடமோ இன்னும் முற்றாத குருத்தெலும்பாக இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் இழுபட்டு, ஆறுவதற்குள் மறுபடியும் இழுபட்டால் அது புடைக்காமல் என்ன செய்யும்?

உங்கள் மகளின் மூன்று பயிற்சியாளர்களும் கெட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் ஆறு மணி நேரத்தை மட்டுமே அறிவார்கள், அதை மிதமானது என்றே நினைப்பார்கள். கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. அமெரிக்கப் பேஸ்பாலில் 11, 12 வயதினர் ஒரு நாள் ஆட்டத்தில் 85 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்று வழிகாட்டுதல் உண்டு. ஆனால் அதே பிள்ளை இரண்டு அணிகளுக்கு எறிந்தால் அந்த 85 என்ன ஆகும்?

என் அண்ணன் வேகப்பந்து வீச்சாளர். ஆட்டத்தில் வீசிய ஓவர்கள் ஸ்கோர் புத்தகத்தில் ஏறின. பள்ளியிலும் கிளப்பிலும் வலைப்பயிற்சியில் மட்டையாளர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் ஓடி ஓடி வீசியவை எதிலும் ஏறவில்லை. மேல் அலமாரியில் எதையாவது எடுக்க நிமிர்ந்தால் இடுப்பின் இடப்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொள்வார். வலக்கை வீச்சாளர்களின் கீழ்முதுகில் நுண்முறிவு பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும் என்பதை வெகு காலம் கழித்தே அறிந்தேன். அம்மாவிடம் சொல்லாதே என்று என்னிடம் கெஞ்சினார். வலிக்கிறது என்றால் அணியில் இடம் போய்விடும் என்ற பயம். படம் எடுத்துப் பார்த்தபோது முறிவு முற்றியிருந்தது. அதன்பின் அவர் வேகமாக வீசவே இல்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011இல், முதல் டெஸ்ட் ஆடியவர். முதுகு நுண்முறிவுகள் திரும்பத் திரும்ப வந்ததால் 2017 வரை அடுத்த டெஸ்ட் ஆட முடியவில்லை. தேசிய வாரியத்தின் மருத்துவர்கள் உடனிருந்தவருக்கே அந்த நிலை.

ஆகவே கோபத்துடனேயே கேட்கிறேன்: மருத்துவர் தெளிவாகச் சொன்ன பிறகும் இன்னொருவரிடம் அனுமதி தேடுகிறீர்களே, ஏன்? உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டால் வலிக்கவில்லை என்றுதான் சொல்வாள்; படியிறங்கும்போது அவள் கால் வைப்பதைப் பாருங்கள்.

மூன்று பயிற்சிகளின் நேரத்தையும் ஒரே தாளில் எழுதி மூவரிடமும் காட்டுங்கள். இந்த வலி பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தணிந்துவிடும் என்று அவளிடம் சொல்லுங்கள், அவளுக்கு அந்த ஆறுதல் வேண்டும். மருத்துவர் சொன்ன வாரங்கள் முடியும்வரை தேர்வுப் போட்டி உட்பட எதுவும் வேண்டாம். திரும்பும்போது 18 மணி நேரத்துக்குத் திரும்பக் கூடாது. மூன்றில் எதை விடுவது என்பதை இப்போதே அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.