டிராப் சி-யில் தந்தி கடகடக்குதா? ட்ரஸ் ராடைத் தொடாதீங்க

கிருஷ்ணகிரி தம்பிக்கு வணக்கம். சிஸ்டம் ஆஃப் எ டவுன் ராக் இசைக்குழுவோட ரெண்டாவது ஆல்பம் 'டாக்ஸிசிட்டி' (2001) வாசிக்க கிட்டாரை டிராப் சி-ங்கிற தாழ்ந்த சுருதிக்கு இறக்கினதும் ஆறாவது தந்தி (தடிச்ச தந்தி) ஃபிரெட்டில், அதாவது கழுத்து மேல இருக்கிற உலோகக் கட்டையில, அடிச்சுக் கடகடக்குதுன்னு கேட்டிருந்தீங்க.

உங்க தந்தி 09-42 செட்னு (மெல்லிசுலேருந்து தடிச்சது வரை தந்தியோட தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சொன்னீங்களே, கோளாறு அங்கேதான். டிராப் சி-ன்னா ஆறாவது தந்தியிலேருந்து வரிசையா சி, ஜி, சி, எஃப், ஏ, டி. வழக்கமான சுருதியிலேருந்து மத்த அஞ்சும் 2 அரைச்சுரம்தான் இறங்கும். ஆறாவது மட்டும் 4. அந்த 42 தந்தி கொடிக்கயிறு மாதிரி தொங்கிப்போகும். இழுவை குறைஞ்சதால கழுத்தும் பின்னால சாயும், தந்தி ஃபிரெட்டை நெருங்கும், அதனால கூடுதல் இரைச்சல்.

11-54 செட் போடுங்க. பழைய இழுவை ஏறக்குறைய திரும்பிடும், கழுத்தும் தானா நிமிரும். ஒரு நாள் விட்டுப் பார்த்து, அப்புறமும் இரைஞ்சா மட்டும் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள இருந்து அதோட வளைவைச் சரிசெய்யற கம்பி) கால் சுத்து தளர்த்துங்க. நான் முதல்லயே முறுக்கித்தான் ஒரு கிட்டாரைக் கெடுத்தேன்.

நட்டுப் பள்ளத்தில் (கழுத்தோட தலைப்பக்கம் தந்தி உட்காரும் துண்டில் இருக்கிற காடி) தடித்த தந்தி சிக்கினா பக்கவாட்டில் மட்டும் லேசா அராவணும், ஆழமாக்கினா போச்சு. கடைசியா பன்னிரண்டாவது ஃபிரெட்டில் சுருதி சரிபார்த்துச் சேடிலை (உடல்பக்கம் தந்தியைத் தாங்குற துண்டு) நகர்த்துங்க.

தருமபுரிப் பக்கம் வந்தா கிட்டாரைக் கொண்டாங்க, பார்த்துடலாம்.