பதில்: ஸ்பீட்வேயில் முந்துதலே இல்லை, மறுபடி போகலாமா?

போகலாம், ஆனால் அடுத்த முறை நேர்ப்பகுதியில் அமராமல், வளைவு முடியும் இடத்தில் நின்று பாருங்கள்.

கடலூரிலிருந்து இங்கிலாந்துக்கு மகனைப் பார்க்கச் சென்ற நீங்கள், அங்கே ஸ்பீட்வே பார்த்திருக்கிறீர்கள்; நால்வர் நால்வராக, சிறு சிறு ஓட்டங்களாக நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம் அது. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு முன்னால் கிளம்பியவரே முன்னால் வந்தார், கொடுத்த கட்டணத்துக்கு அது தகாது என்கிறீர்கள். தடம் உலர்ந்துபோனதே பெரும்பாலும் காரணம். பிரேக் இல்லாத, ஒரே கியர் கொண்ட அந்த 500 சிசி வண்டிகள் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்புவதால், மேலே பரப்பிய கல்துகள் வெளிவேலியோரம் ஒதுங்கி, உட்பக்கம் வழவழப்பாகிவிடும். வெளியே குவிந்த துகளில் ஈரம் இருந்தால் சக்கரம் பிடித்து முந்த வழி கிடைக்கும். இல்லையென்றால் பின்னால் வருபவருக்குப் புழுதிதான். நம் கேப்பர் மலைச் செம்மண் பாதையைக் கோடையிலும் தூறலுக்குப் பின்னும் பார்த்திருந்தால் இது எளிதில் புரியும்.

சோதிக்க ஒரு வழி: சில ஓட்டங்களுக்கு ஒருமுறை டிராக்டர் துகளை உள்ளே இழுத்துச் சமன்செய்கிறதா, தண்ணீர் வண்டி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தபின்னும் நால்வரும் ஒரே கோட்டில் ஓடினால், குறை தடத்தில் இல்லை, அன்றைய வீரர்களின் தரத்தில் இருக்கலாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இரு அணிகள் மோதும் வழக்கமான லீக் சந்திப்பில் 15 ஓட்டங்கள். நான்கு சுற்று கொண்ட ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடமே. முந்துதல் இல்லாவிட்டால் அது விலை அதிகம்தான், உங்கள் மனக்குறை நியாயமானது. மழையால் பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்பது அரங்குக்கு அரங்கு மாறும். சீட்டு வாங்கும் முன்பே நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.